மாட்டு வண்டியில் வந்த நூல் நிலையம்

சென்ற ஆண்டு நான் இங்கே படிக்க வந்தபோது எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஹிஞ்சேவாடியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகனோடு தங்கினேன். ஹிஞ்சேவாடியை உங்களிற் பலர் அறிவீர்கள். முல்ஷி வட்டத்துச் சிற்றூராக இருந்த அந்த இடம் இன்று கண்ணாடி மாளிகைகள் நிறைந்த தொழில் நகரமாக வளர்ந்து நிற்கிறது. காலை நேரத்தில் அங்குள்ள தேநீர்க் கடையில் நின்றால் தமிழ் காதில் விழாமல் இராது. சோறும் சாம்பாரும் தேடிப் போனால் அவையும் கிடைக்கும். ஆகவே ஊரை விட்டு வந்த வருத்தம் எனக்கு அதிகம் இல்லை. ஆனால் ஒருநாள் மாலை ஒரு கிழவர் கேட்ட கேள்வி என் ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை உணர்த்திவிட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கேட்டவர் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரின் தந்தை. எண்பது வயதைக் கடந்தவர். எல்லாரும் அவரை ‘ஆஜோபா’ என்பார்கள். மராத்தியில் தாத்தா என்று பொருள். நானும் அப்படியே அழைத்தேன். மாலைதோறும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணுக்கு மிக அருகே புத்தகத்தைப் பிடித்துப் படிப்பார். அவருடைய சொந்த ஊர் கொங்கணக் கடற்கரையிலுள்ள ரத்னகிரி. ஒருநாள் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்த பழைய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அது அவர் ஊர் வாசனாலயத்தின் உறுப்பினர் அட்டை. மராத்தியில் ‘வாசன்’ என்றால் வாசித்தல். நம் ‘வாசகசாலை’யும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

“எங்கள் வாசனாலயம் 1828இல் தொடங்கியது. உங்கள் ஊர் வாசனாலயம் எப்போது தொடங்கியது, பாளா?” என்று கேட்டார்.

நான் விழித்தேன். மன்னார்குடியிலிருந்து பேருந்தில் போகும் தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்று என் ஊர். அங்கே ஒரு கிளை நூலகம் உண்டு. அது எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள், யார் பணத்தில் நடக்கிறது என்பவற்றுள் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. “தெரியாது, ஆஜோபா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்த மௌனம்தான் என்னைத் தேட வைத்தது.

முதலில் மராத்திய நாட்டின் கதையைச் சொல்லுகிறேன். அதை அறிந்தால்தான் நம்முடைய கதையின் தனித்தன்மை விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்குள்ள சிறு நகரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நூல் நிலையங்கள் தோன்றின. ரத்னகிரியில் 1828, இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகரில் 1838, நாசிக்கில் 1840, புனேயில் 1848, கோலாப்பூரில் 1850. அக்காலத்தில் இவற்றுட் பலவற்றுக்கு ‘நேட்டிவ் லைப்ரரி’ என்றே பெயர். புனேயில் தோன்றியது ‘பூனா நேட்டிவ் ஜெனரல் லைப்ரரி’. இன்று அது ‘புணே நகர் வாசன் மந்திர்’ என்ற பெயரோடு வாழ்கிறது. ‘லோகஹிதவாதி’ என்று புகழ்பெற்ற சீர்திருத்தக்காரர் கோபாள் ஹரி தேஷ்முக் அதனைத் தொடங்க முன்நின்றவர்களுள் ஒருவர். ஆங்கிலேய அதிகாரிகள் சிலரும், புதுக்கல்வி பெற்ற உள்ளூரார் சிலரும் சேர்ந்து தொடங்கிய நிலையங்கள் இவை. நாளடைவில் அதிகாரிகள் போய்விட்டார்கள். நூல் நிலையங்கள் ஊராரிடம் நின்றன.

ஊராரிடம் நின்றன என்றால் என்ன பொருள்? அந்நிலையம் ஒரு சங்கம். உறுப்பினர் சந்தா கட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடுகிறது. நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. வரவு செலவைக் கேட்கிறது. கோடையிலோ குளிர்காலத்திலோ சொற்பொழிவுத் தொடர் நடக்கிறது. மராத்தியில் தீபாவளி மலர் வெளியிடும் வழக்கம் 1909இல் ‘மனோரஞ்சன்’ இதழோடு தொடங்கியது. இன்று ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ மலர்கள் வருகின்றன. அத்தனையையும் ஒரு குடும்பம் வாங்க இயலுமா? நூல் நிலையத்தில் சிறு தொகை கட்டினால் போதும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் பல மலர்களைப் படித்துவிடலாம். தாம் கண் தெளிவாக இருந்த நாளில் மலர்களின் வரிசையில் முதலிடம் பிடிக்க அதிகாலையிலேயே போய் நின்றதை ஆஜோபா இன்றும் பெருமையாகச் சொல்லுவார்.

1893இல், அன்று சிறு நகரமாயிருந்த தாணேயில், மராத்தி நூல்களை மட்டுமே திரட்டுவதென்ற உறுதியோடு ‘மராத்தி கிரந்த சங்கிரகாலயம்’ தோன்றியது. தாய்மொழியில் தரமான நூல் எங்கே இருக்கிறது என்று படித்தவர்கள் ஏளனமாகக் கேட்ட காலம் அது. அந்தக் கேள்விக்குத் தாணேக்காரர் அலமாரிகளால் விடை சொன்னார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். தஞ்சாவூர் என்றவுடன் ஆஜோபாவின் முகம் மலர்ந்தது. மராத்திய மன்னர் ஆண்ட ஊர் அல்லவா! இரண்டாம் சரபோசி மன்னர் வளர்த்த சரசுவதி மகாலில் தமிழ், வடமொழி, தெலுங்குச் சுவடிகளோடு மராத்திச் சுவடிகளும் மோடி எழுத்து ஆவணங்களும் இருக்கின்றன. ஆயினும் அது அரண்மனையின் செல்வம். பொதுமக்களுக்கு உரிய நிலையமாக அது ஆனது 1918இல்தான். அரசன் திரட்டிய களஞ்சியம் வேறு. ஊரார் படிக்கும் நூல் நிலையம் வேறு. நான் தேடியது இரண்டாவதை.

தேடியபோது கிடைத்த விடை என் ஊருக்கு மிக அருகிலேயே இருந்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடிப் பகுதியில், நூல்களை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று புறப்பட்டது. அதற்குப் பொருளும் உழைப்பும் தந்தவர் மேலவாசல் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை என்று உலகம் போற்றும் பெரியார்.

அரங்கநாதனைப் பற்றி மாணவராகிய நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அவர் 1892இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாளிலேயே அந்த வேலை அவருக்குக் கசந்துவிட்டது. பேச மாணவர் இல்லை. கேட்க எவரும் இல்லை. புத்தகங்களுக்கு நடுவே தனியே உட்கார்ந்திருப்பதா என்று மனம் நொந்து, பழைய ஆசிரியர் வேலையையே தரும்படி கேட்டார். இலண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் பயின்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்வையே மாற்றியது. அந்நாட்டில் 1850லேயே நகரங்கள் வரி விதித்து நூல் நிலையம் நடத்தலாம் என்று சட்டம் வந்துவிட்டது. தொழிலாளியும், குழந்தையும், வீட்டுப் பெண்களும் தயக்கமின்றி உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வந்தார்கள். நூல் நிலையம் என்பது பண்டிதருக்கு மட்டும் உரிய பெட்டகம் அன்று. எல்லாருக்கும் உரிய கல்விக்கூடம் என்பது அவருக்குப் புலனாயிற்று. திரும்பி வந்தவர் பிறகு அந்தத் துறையை விடவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக அவர் இருந்தார். 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. பூட்டி வைக்கப்பட்ட புத்தகம் பயனற்றது, எந்த மனிதனுக்கும் அவனுக்கேற்ற புத்தகம் கிட்ட வேண்டும் என்ற எண்ணமே அவற்றின் அடிப்படை.

அதே ஆண்டில்தான் மன்னார்குடியில் வண்டி புறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஏன் வண்டி? ஒரு கட்டடத்தைக் கட்டி ‘வாருங்கள்’ என்று அழைத்தால் போதாதா? காவிரிப் படுகையில் ஊர்கள் சிறியன. வயலுக்கும் வாய்க்காலுக்கும் இடையே சிதறிக் கிடப்பன. நாள் முழுதும் சேற்றில் நின்றவன் அந்தியில் பல கல் நடந்து போய்ப் புத்தகம் எடுப்பானா? மாட்டான். ஆகவே வாசகன் புத்தகத்தைத் தேடிப் போகாவிட்டால், புத்தகம் வாசகனைத் தேடி வர வேண்டும். வைக்கோலும் நெல்லும் ஏற்றிப் பழகிய மாட்டு வண்டி, எந்த ஊருக்குள்ளும் நுழையக்கூடியது. எந்த உழவனுக்கும் அச்சம் தராதது. கல்வி, மக்கள் அறிந்த வாகனத்தில் ஏறி வந்தது.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிறு நகரத்து நூலகர் மேரி டிட்கோம்ப் 1905இல் குதிரை வண்டியில் நூல்களைப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். இந்தியாவில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், 1910 முதல் அமெரிக்க நூலகர் வில்லியம் போர்டனின் துணைகொண்டு நாடு முழுதும் நூல் நிலையங்களை எழுப்பினார். பெட்டிகளில் நூல்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பும் முறையும் அங்கே இருந்தது. ஆனால் பரோடாவில் செய்தவர் ஓர் அரசர். அவருக்குக் கருவூலம் இருந்தது. மன்னார்குடியில் செய்தவர் ஒரு தனி மனிதர். இந்த வேற்றுமை சிறிதன்று.

இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கேள்வி எழுகிறது. ஒரு வள்ளல் தொடங்கிய நூல் நிலையம் அவருக்குப் பின் என்ன ஆகும்? கொடை உயர்ந்தது, ஆனால் கொடையாளியின் ஆயுள் குறுகியது. ஊருக்கு ஊர் ஒரு கனகசபைப் பிள்ளை பிறப்பார் என்று நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. இதை அரங்கநாதன் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே நூல் நிலையத்துக்குச் சட்டம் வேண்டும், சட்டத்தில் நிலையான வருவாய் வேண்டும் என்று 1930 முதலே மசோதாக்களை எழுதிக்கொண்டு அலைந்தார். முதலில் பயன் கண்டது வேறோர் இடம். 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் நூலகச் சட்டம் இயற்றியது; இந்திய மண்ணில் அதுவே முதலாவது. விடுதலைக்குப் பின் முதல் சட்டம் நம்முடையது: 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் அது நிறைவேறியது.

அச்சட்டத்தின் உயிர், நூலக வரி. ஒருவர் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 பை என்று அன்று விதித்தார்கள். இது பழைய நாணயமான பை. ஒரு ரூபாய்க்கு 192. ஆகவே நூற்றுக்கு மூன்று பங்கு என்று கொள்ளலாம். பின்னர் அது படிப்படியாக உயர்ந்து, இன்று ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரியோடு ஊராட்சியும் நகராட்சியும் இதனை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்கின்றன. அந்தப் பணத்தில்தான் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவை நடக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவனும் இதற்குப் பங்கு தருகிறான். வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறாமலா இருக்கும்?

மகாராட்டிரத்தின் வழி வேறு. 1967இல் இங்கே இயற்றிய சட்டத்தில் நூலக வரி இல்லை. சங்கங்கள் நடத்தும் நூல் நிலையங்களை அரசு அங்கீகரித்து, அ, ப, க, ட என்று நான்கு தரமாகப் பிரித்து, தரத்துக்கேற்ப மானியம் கொடுக்கிறது. நிலையம் ஊராருடையது, அரசு கைகொடுக்கிறது.

எது சிறந்தது? ஆஜோபாவோடு நான் இதைப் பற்றிப் பல மாலை பேசியிருக்கிறேன். அவர்களுடைய முறையில் உரிமை உணர்வு மிகுதி. ‘எங்கள் வாசனாலயம்’ என்று அவர் சொல்லும்போது அந்த ‘எங்கள்’ உள்ளத்திலிருந்து வருகிறது. ஆனால் சந்தா கட்ட இயலாத ஏழை வெளியே நிற்க நேரும். மானியம் போதவில்லை என்ற குறையும் நெடுநாளாக உண்டு. நம் முறையில் ஏழையும் கூச்சமின்றி உள்ளே போய் நாளிதழ் படிக்கலாம். சிறு முன்பணமும் சந்தாவும் கட்டி நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வருவாய்க்கும் சட்டத்தின் காவல் இருக்கிறது. ஆனால் நாம் அதை நம்முடையது என்று நினைப்பதில்லை. அதுவும் ஓர் அரசு அலுவலகம் என்று கடந்து போய்விடுகிறோம்.

இதை நான் பிறருக்குச் சொல்லும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. என்மேலேயே சொல்லிக்கொள்ளுகிறேன். எட்டாம் வகுப்பு வரை என் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போயிருக்கிறேன். சிறுவர் கதைகளை அங்கேதான் படித்தேன். பிறகு தேர்வு, பயிற்சி வகுப்பு, கைப்பேசி என்று நாட்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பின்சுவரை ஒட்டிய அலமாரி நனைந்துவிட்டதாகவும், நூல்களை மூட்டை கட்டி ஒரு மூலையில் வைத்திருப்பதாகவும் நண்பன் சொன்னான். ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். யாரிடமும் முறையிடவில்லை, போய் எட்டிப் பார்க்கவும் இல்லை. யாரோ ஒருவருடைய கூரை ஒழுகியது என்றே என் மனம் எண்ணியது.

சட்டத்தைப் பற்றிப் படித்த அன்று இரவு வீட்டுக்குப் பேசினேன். “அப்பா, வீட்டு வரி ரசீது கையில் இருக்கிறதா? கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்” என்றேன். எதற்கு என்று கேட்காமல் பெட்டியிலிருந்து எடுத்து வந்து படித்தார்.

“வீட்டு வரி 330. நூலக வரி 33” என்றார். சற்று நின்று, “இப்படி ஒன்று இருக்கிறதா? இத்தனை வருஷம் கட்டியிருக்கிறேன், பார்த்ததே இல்லையப்பா. எந்த நூலகத்துக்கு இது?” என்று கேட்டார்.

“நம் ஊரில் ஒழுகிக்கொண்டிருக்கிறதே, அதற்குத்தான் அப்பா” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்” என்றார். சொன்னபடியே போனார். நூலகர் தம் நிலைமையைச் சொன்னாராம். மேலே எழுதியிருப்பதாகவும், ஊரார் நான்கு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் வலுவாக இருக்குமென்றும் சொன்னாராம். நான்கு பேருக்கு நாற்பது பேர் கையெழுத்திட்டார்கள். கூரை இன்னும் சரியாகவில்லை. ஆனால் மூட்டைகளைப் பிரித்து உலர்த்த அப்பாவும் தெருப் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தார்கள். நான் சிறுவனாயிருந்தபோது படித்த கதைப் புத்தகம் ஒன்று அதில் கிடைத்ததாம். அட்டை போய்விட்டது, பக்கங்கள் பிழைத்துக்கொண்டன.

நண்பர்களே, பொங்கல் விடுமுறைக்கு நாம் ஊர் போவோம். அப்போது செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். இரண்டாவது, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேருங்கள். உங்கள் தம்பி தங்கையரையும் சேருங்கள். மூன்றாவது, அங்கே வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் பேசுங்கள், இல்லாவிட்டால் நூலகரோடு சேர்ந்து தொடங்குங்கள். நான்காவது, 1,000 ரூபாய் கொடுத்தால் நூலகத்தின் புரவலராகலாம். ஒரு மாணவனுக்கு அது பெருந்தொகையாயின், பத்து நண்பர்கள் ஆளுக்கு நூறு தாருங்கள். இவற்றுள் எதுவும் செயற்கரிய செயல் அன்று. மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சென்றவர்கள் செய்ததை நோக்க இவை மிகச் சிறியன.

ஆஜோபாவுக்கு நான் விடை சொல்லிவிட்டேன். “எங்கள் பக்கத்தில் 1931இல் நூல் நிலையம் மாட்டு வண்டியில் வந்தது” என்றதும், “மாட்டு வண்டியிலா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், “எங்களுடையது நூறு வருஷம் மூத்தது. ஆனால் நாங்கள் அல்லவா அதைத் தேடிப் போக வேண்டியிருந்தது! உங்களுடையது வீடு தேடி வந்திருக்கிறதே” என்றார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்:

“அது இருக்கட்டும், பாளா. இப்போது நீ அதில் உறுப்பினனா?”

பொங்கலுக்குப் போய் வந்து, அட்டையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.